அரசாங்க டெண்டரில் ஒரு பூ

அரசாங்கத்துக்குச் சாமான் கொடுக்கிறவர்கள் எல்லாம் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கொட்டாஞ்சேனையில் அந்தக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வாசல் பலகையில் கம்பனியின் பெயர் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. படியேறிப் பார்த்தால் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடி. ஏழு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, எனக்கு இரண்டு தட்டச்சு இயந்திரம், முதலாளிக்கு ஒரு கால் ஆடும் நாற்காலி. இதற்கா இவ்வளவு பெரிய பலகை என்று மனதுக்குள் சிரித்தேன்.

அது சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்கு மாற்றம் கிடைத்த ஊர்களிலெல்லாம் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் பேசவும் எழுதவும் வரும். முதலாளிக்கு வேண்டியிருந்தது அதுதான். அவர் வடமராட்சிப் பக்கத்து மனிதர், ஐம்பது தாண்டியவர், பருத்த உடம்பு. இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் இருந்தும் அவருடைய சிங்களத்தைக் கேட்டால் பஸ் கண்டக்டர்கூடச் சிரிப்பான்.

நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுத்தோம். பத்திரிகையில் டெண்டர் அறிவித்தல் வந்ததும் போய்ப் படிவக் கட்டு வாங்கி வர வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கம்பனி முத்திரை. ஓர் எழுத்தை வெட்டித் திருத்தினால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து. நான் கோபக்காரி. கடைசிப் பக்கத்தில் பிழை விட்டேன் என்றால் தாளைக் கசக்கி எறிந்துவிடுவேன். முதலாளி அதைப் பொறுக்கி, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி விடுவார். எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுபோனால், டெண்டர் அலுவலகத்தில் சுவரோடு பூட்டிய ஒரு பெட்டி, அதற்கு மேலே ஒரு மணிக்கூடு. பத்து மணி அடித்ததும் ஒரு பியோன் வந்து பெட்டியின் வாயில் தாளை ஒட்டுவார். அதற்குப் பிறகு கடவுளே உறையோடு வந்து நின்றாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

டெண்டரோடு ஒரு சாம்பிளும் கொடுக்க வேண்டும். நாங்கள் தைத்த ஒரே ஓர் உறையை அவர்கள் பார்த்து, பிடித்திருந்தால் அதைத் துணிப் பையில் போட்டு, நூலால் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை குத்தி, களஞ்சியத்து அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். பிறகு நாங்கள் கொடுக்கும் ஒவ்வொன்றும் அந்த ஒன்றைப் போல இருக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்ட பிறகு மிஞ்சுவதும் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாண உடுப்புக் கடைக்காரர்கள் வந்து, பாவாடை சட்டை தைத்துத் தா என்று கெஞ்சுவார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே மாட்டேன் என்பார். இந்த மனிதருக்கு வியாபாரம் பண்ணத் தெரியவில்லை என்று நான் வெள்ளவத்தை அறைத் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சேர்ந்த இரண்டாம் நாளே அவர் எனக்கு ஒரு கடிதம் அடிக்கத் தந்தார்.

"பிள்ளை, இதைச் சிங்களத்தில வடிவா அடியும். உம்மட பேரையும் அடையாள அட்டை நம்பரையும் போட்டு அடியும்."

இதைக் கொண்டுவருபவர் எங்கள் கம்பனியில் வேலை செய்கிறார், எங்கள் கம்பனி அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வழங்கப் பதிவு செய்யப்பட்டது, பதிவு இலக்கம் இது. அவ்வளவுதான் கடிதம். அடியில் முதலாளி நீண்ட வாலோடு ஒரு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "இதை எப்பவும் கைப்பைக்குள்ள வைச்சிரும்" என்றார்.

அதன் அருமை ஒரு மாதத்துக்குள் தெரிந்தது. ஒருநாள் காலை நாங்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, கொழும்புக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். வழக்கமான கேள்விதான். அதற்கு என்ன பதில் சொன்னாலும் அது போதாது. மற்ற மூவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மாலைதான் விட்டார்கள். என் கடிதத்தை வாசித்த இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரி என்ற சொல்லில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலைக்குப் போ என்றார்.

அன்றைக்குத்தான் எங்கள் தையல்காரிகளில் மூத்தவரான அக்கா எனக்கு விஷயத்தைச் சொன்னார். அக்கா அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், கிராண்ட்பாஸில் குடியிருந்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு புள்ள வேல செஞ்சுச்சு, தங்கச்சி. ரோட்டுல வச்சு புடிச்சிட்டாங்க. ஒம்பது நாளு. முதலாளி தினம் ஸ்டேஷன் வாசல்ல போயி நின்னாரு. அந்தப் புள்ள வெளிய வந்து ஊருக்கே போயிருச்சு. அதுக்கப்புறந்தான் முதலாளி, கடைக்காரங்க வேலய எல்லாம் விட்டுட்டு கவர்மெண்டு வேலக்கி மாறினாரு. கவர்மெண்டு நம்பரு இருந்தாத்தான் அந்தக் கடிதாசிக்கு மதிப்பு. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு பிழை விட்ட தாள்களை நானே நீவி வைத்தேன். ஏழு தையல்காரிகளும் நானுமாக எட்டுப் பேர், எட்டுக் கடிதங்கள்.

ஆனால் அந்தப் பதிவு இலக்கம் சும்மா இருந்துவிடாது. கொடுத்த தவணைக்குச் சாமான் போகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். முந்தின வருடம் ஊரடங்கில் மாட்டி நாங்கள் இரண்டு நாள் பிந்தியதற்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு முறை பிந்தினால் இலக்கம் போய்விடும். இலக்கம் போனால் எங்கள் கைப்பைகளில் இருப்பது வெறும் தாள்.

இந்த நிலையில்தான் இரண்டாயிரம் தலையணை உறைக்கான டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலாளியும் அக்காவும் நானும் கெட்டிக்காரத்தனமாகச் செவ்வாய்க்கிழமையே லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். களஞ்சியம் தெமட்டகொடைப் பக்கம். அங்கே பொறுப்பாக இருந்த ஸ்டோர் கீப்பர் ஒரு மெலிந்த சிங்கள மனிதர், பேச்சு மிகக் குறைவு. கடதாசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதம். முதலாளியும் அவரும் சில வருடமாக ஒருவரையொருவர் அறிவார்கள். ஒன்றாகத் தேநீர் குடிப்பார்கள். ஆனாலும் ஒரு நூல் பிரிந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் எங்கள் முன்னால் அரக்கை உடைத்துச் சாம்பிளை வெளியே எடுத்தார். கொண்டுபோன உறையொன்றைப் பக்கத்தில் விரித்தார். இரண்டையும் புரட்டினார்.

"மல கோ?" என்றார். பூ எங்கே என்று அர்த்தம்.

எந்தப் பூ? குனிந்து பார்த்தால், சாம்பிளின் ஒரு மூலையில் நீல நூலில் விரல் நகமளவு பூ. ஐந்து இதழ். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானே முதலாளி, சாம்பிள நல்லா தைங்கன்னு சொன்னீங்க?" என்றார் அக்கா, அழுகிற குரலில். "நல்லா தெச்சா நான் கடசியா ஒரு பூ போட்டுத்தான் நூல அறுப்பேன். கை தானா போட்டுருச்சு."

எத்தனை பேர் பார்த்த சாம்பிள் அது! தைத்தவர், மடித்தவர், கையெழுத்து வைத்த முதலாளி, அடித்துக் கொடுத்த நான், அதைத் தேர்ந்தெடுத்த அதிகாரிகள். ஒருவர் கண்ணிலும் படாமல் அந்தப் பூ அரக்கு முத்திரையோடு அலுமாரிக்குள் போயிருந்தது.

பூ இல்லாததால் நோயாளிக்கு என்ன குறை வந்துவிடும் என்று நான் சிங்களத்தில் வாதாடினேன். ஸ்டோர் கீப்பர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தங்கச்சி, நாளைக்குக் கணக்காய்வுக்காரர் வந்து இந்தச் சாம்பிளைத் திறப்பார். பூ எங்கே என்று என்னைக் கேட்பார். நான் என்ன சொல்ல? சாம்பிளில் இருந்தால் சாமானிலும் இருக்க வேண்டும்." எனக்கு அந்த மனிதரைக் கடித்துத் தின்ன வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

லொறியைத் திருப்பினோம். முதலாளி அக்காவை ஒரு வார்த்தை ஏசவில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி நீல நூல் வாங்கினார். ஊசியும் ஒரு பெட்டி வாங்கினார்.

அடுத்த இரண்டரை நாள் எங்கள் மேல்மாடியில் மெஷின் சத்தமே இல்லை. எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து பூப் போட்டோம். அக்கா நடுவில் இருந்து காட்டித் தந்தார். லொறி ஓட்டுகிற முஸ்லிம் அண்ணரை நானா என்றுதான் கூப்பிடுவோம். சாக்குத் தைத்துப் பழகியவராம். அவர் போட்ட பூ என்னுடையதைவிட அழகாக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். முதலாளியும் தரையில் உட்கார்ந்தார். அந்த உடம்போடு கீழே உட்கார ஒருவர் கை கொடுக்க வேண்டும், எழும்ப இரண்டு பேர் வேண்டும். அவர் போட்ட பூ மிதிபட்ட நண்டு மாதிரி இருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. பூ இருக்கோ இல்லையோ எண்டுதான் அந்தாள் பாக்கும். வடிவை ஆர் பாக்கினம்?" என்றார்.

ஆறு மணிக்கு மேல் ஒருவரையும் இருக்க விடமாட்டார். இருட்டினால் தெருவில் கெடுபிடி அதிகம். அதனால் நாங்கள் போன பிறகு விடியும்வரை அவர் தனியே இருந்து தைத்திருக்கிறார் போலும். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் அவருடைய வலது கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவும் முடியவில்லை.

இரண்டாயிரமும் முடிந்திருந்தன. ஐம்பது ஐம்பதாகக் கட்டினால் நாற்பது கட்டு. உடுப்பு மாற்ற நேரமில்லாமல் முதலாளி சாரத்தோடும் வியர்வையில் நனைந்த சட்டையோடும் லொறியில் ஏறினார். நானாவோடு அவர் முன்னால், அக்காவும் நானும் பின்னால் கட்டுகளுக்கு நடுவில்.

முந்தின நாள் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. வழக்கமாக இல்லாத ஓர் இடத்தில் புதிதாகச் சோதனைத் தடை போட்டிருந்தார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அக்காவும் நானும் கடிதத்தைக் கொடுத்தோம், நானா லைசென்ஸைக் கொடுத்தார். முதலாளி அடையாள அட்டையை மட்டும் நீட்டினார். எட்டுப் பேருக்குக் கடிதம் கொடுத்த மனிதருக்குக் கடிதம் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அது அதுவரை என் புத்தியில் ஏறாதது என் மடத்தனம்தான்.

"நான்தான் கம்பனி முதலாளி" என்றார் அவர்.

அங்கிருந்த இளம் அதிகாரி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அது முதலாளி கொழும்புக்கு வந்த புதிதில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாட்களில் எடுத்த அட்டை. தொழில் என்ற இடத்தில் தொழிலாளி என்றே இருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், மாற்றவே இல்லை.

"தொழிலாளி என்றல்லவா இருக்கிறது?"

முதலாளி எங்கள் கடிதங்களைக் காட்டினார். அதில் இருப்பது தன்னுடைய கையெழுத்து என்றார். அதிகாரி ஒரு தாளை லொறியின் மட்கார்டில் வைத்து, அப்படியென்றால் இதில் போடு என்றார். முதலாளி பேனையைப் பிடித்தார். பிளாஸ்டர் சுற்றிய விரல்கள் மடியவில்லை. நீண்டு சுழிய வேண்டிய வால் நடுங்கிக் கொண்டு எங்கேயோ போயிற்று. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் கடிதங்களை எடுத்து, முகம் மாறி, மறுபடி வாசித்தார்.

"அப்படியென்றால் இவற்றை எழுதியது யார்? இதுவும் பொய்யா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

"பொய் சொல்லிப்போட்டேன் சேர். முதலாளி வேறை ஆள். கடிதமெல்லாம் அவர் தந்த உண்மைக் கடிதம். நான் மூட்டை தூக்குகிறவன். முதலாளி என்று சொன்னால் விடுவீர்கள் என்று நினைத்தேன்."

அதிகாரி அட்டையைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார். நம்பினார். எங்கள் கடிதங்களை எங்களிடம் திருப்பித் தந்துவிட்டு, முதலாளியை ஓரத்தில் கிடந்த மர வாங்கில் போய் உட்காரச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். முதலாளி தமிழில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை, வாயை மூடிக்கொண்டு லொறியில ஏறும். பன்னிரண்டுக்கு முன்னம் சாமான் உள்ள போகோணும்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னோடு அப்படிக் கடுமையாகப் பேசியது அது ஒருமுறைதான்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கக் களஞ்சியத்து வாசலைத் தாண்டினோம். காவலாளி நேரத்தைப் புத்தகத்தில் எழுதினார். ஸ்டோர் கீப்பர் லொறியிலேயே ஒரு கட்டைப் பிரித்து, மூலை மூலையாகப் பார்த்தார். முதலாளியின் நண்டு ஒன்று அகப்பட்டது. அதைச் சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தார். "பூ இருக்கிறது" என்று மட்டும் சொல்லி, தாளில் சரி அடையாளம் போட்டார்.

"முதலாளி எங்கே? பதிவு செய்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்."

நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். முதலாளி ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார். என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவருடைய திணைக்களம் கொடுத்த இலக்கத்தை இப்படி ஒரு தாளில் அவர் பார்த்ததில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"எத்தனை பேரிடம் இது இருக்கிறது?"

"எட்டுப் பேரிடம், ஐயா."

கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு அரசாங்கத் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் கார்பன் வைத்து, தன் கையாலேயே எழுதினார். இன்ன அடையாள அட்டை இலக்கமுடையவர் மேற்படி கம்பனியின் தொழிலாளி, ஆஸ்பத்திரிக்குரிய சாமான்களை இறக்க இன்று இக்களஞ்சியத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறார். வட்ட முத்திரையைக் குத்தி, மை காய ஊதினார். "இல்லாத ஒன்றை நான் இதுவரை எழுதியதில்லை" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இருக்கவில்லை. தாளிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நானாவும் நானும் ஒரு முச்சக்கர வண்டியில் பறந்தோம். முத்திரையைக் கண்டதும் அதிகாரி அதிகம் கேட்கவில்லை. முதலாளி வாங்கிலிருந்து எழும்பினார். வழி நெடுக அவர் கேட்டது ஒரே கேள்வி, பன்னிரண்டுக்கு முன்னம் உள்ளே போனதா என்று.

களஞ்சியத்துக்கு வந்ததும் அவர் நேரே மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போடப் பேனையைத் தேடினார். ஸ்டோர் கீப்பர் ஒப்படைப்புத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முதலில் சாமானை இறக்குங்கள்."

களஞ்சியத்து ஆட்கள் இரண்டு பேர் லொறிப் பக்கம் போனார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நானாவையும் நிறுத்தினார். "இவர் மட்டும்" என்றார்.

எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. அவர் என்னைக் கவனிக்கவில்லை. கோப்பிலிருந்த கார்பன் பிரதியை எடுத்து முதலாளிக்கு முன்னால் வைத்தார். முதலாளிக்குச் சிங்களம் வாசிப்பது மெதுவாகத்தான் வரும். எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறிக்குப் போனார்.

முதல் கட்டைத் தோளில் வைத்தார். உச்சி வெயில். லொறியிலிருந்து களஞ்சிய வாசலுக்கு ஐம்பது அடி இருக்கும். பத்தாவது கட்டில் மூச்சு வாங்கத் தொடங்கியது. அக்கா தாங்க முடியாமல் ஒரு கட்டைத் தூக்கப் போனார். ஸ்டோர் கீப்பர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அறைக்குள் போய்த் தன் கறுப்புக் குடையை எடுத்து வந்தார். விரித்து, முதலாளியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, லொறிக்கும் வாசலுக்குமாக அவரோடு கூடவே நடந்தார். ஒவ்வொரு கட்டுக்கும் போனார், ஒவ்வொரு கட்டுக்கும் வந்தார். தான் வெயிலில் வியர்த்து நனைந்து போனார். அக்காவும் நானும் சுவரோடு நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

நாற்பதாவது கட்டு உள்ளே போனதும் ஸ்டோர் கீப்பர் குடையை மடக்கினார். கார்பன் பிரதியை ஒருமுறை வாசித்துப் பார்த்து, கோப்பில் வைத்துக் கட்டினார்.

"சரி. இப்போது நான் பொய் எழுதவில்லை" என்றார். பிறகு தன் நாற்காலியை முதலாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவருடைய வீங்கிய விரல்களுக்கிடையில் பேனையை மெதுவாகச் செருகினார். "இனி உட்காருங்கள், முதலாளி. கையெழுத்தை ஆறுதலாகப் போடுங்கள்."